மூலையை உருட்டினால் மட்டும் போதுமா?

கிருஷ்ணகிரி, பர்கூர், ஓசூர் பக்கம் வீடு கட்டுகிறவர்களுக்குக் கிரானைட் கடை பழக்கமான இடம். சமையல் மேடைக்கோ சாப்பாட்டு மேசைக்கோ கல்லைத் தேர்ந்தெடுத்ததும் கடைக்காரர் கேட்பார்: "மூலையை அப்படியே விடவா, ரவுண்ட் பண்ணவா?" ரவுண்ட் என்றால் காம்பஸையோ ஒரு டப்பா மூடியையோ மூலையில் வைத்துக் கால் வட்டம் வரைவார்கள். அறுத்து, தேய்த்து, பாலீஷ் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். இனி இடுப்பில் இடிக்காது.

அந்தக் கருப்புக் கல்லின் பக்கவாட்டு முகத்தைக் குனிந்து பாருங்கள். மேலே எரியும் டியூப்லைட்டின் பிம்பம் நேர்ப்பகுதியில் ஒழுங்காக வரும். நேர்ப்பகுதி முடிந்து உருட்டல் தொடங்கும் இடத்தில் அது வெடுக்கென்று ஒடியும். விரலால் தடவினால் அங்கே மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. பாலீஷ் போட்டவர் மேலும் குறை சொல்ல முடியாது. கோளாறு வரைந்த கோட்டிலேயே இருக்கிறது. கூர் இல்லாத வடிவமெல்லாம் வழவழப்பான வடிவம் ஆகிவிடாது. அதற்கு இன்னொன்றும் வேண்டும். அது என்ன என்பதுதான் இந்தக் கட்டுரை.

புரிந்துகொள்ள எளிய வழி ஸ்டியரிங். ஒரு கோட்டின் மேல் வண்டி ஓட்டிப் போவதாக நினைத்துக்கொள்ளுங்கள். நேர்கோட்டில் ஸ்டியரிங் நடுவில் நிற்கும். வட்டத்தில் ஒரே அளவு திரும்பியபடி அசையாமல் இருக்கும். சின்ன வட்டம் என்றால் நிறையத் திருப்ப வேண்டும், பெரிய வட்டம் என்றால் கொஞ்சம். அந்தந்த இடத்தில் ஸ்டியரிங் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்பதைத்தான் கணிதத்தில் வளைமை என்கிறோம். கணக்கும் சுலபம்: 1-ஐ ஆரத்தால் வகுத்தால் வட்டத்தின் வளைமை கிடைத்துவிடும். ஆரத்தைச் சென்டிமீட்டரில் எடுத்துக்கொண்டால், 10 சென்டிமீட்டர் ஆரமுள்ள வட்டத்துக்கு 0.1, ஒரு மீட்டர் ஆரமுள்ளதற்கு 0.01. நேர்கோட்டுக்குப் பூஜ்யம்.

இப்போது நேர்கோட்டையும் வட்ட வில்லையும் மட்டுமே ஒட்டவைத்து ஒரு சாலை போட்டால் என்ன ஆகும்? தருமபுரியிலிருந்து சேலம் போகிற 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் தொப்பூர் கணவாயை நினைத்துக்கொள்ளுங்கள். நேர்ச்சாலை முடிந்து வளைவு தொடங்கும் அந்த ஒரு புள்ளியில் ஓட்டுநர் ஸ்டியரிங்கைப் பூஜ்யத்திலிருந்து முழுத் திருப்பத்துக்கு நொடிகூட எடுக்காமல் கொண்டுபோக வேண்டும். எந்தக் கையாலும் முடியாது. முன்கூட்டியே திருப்பத் தொடங்கினால் வண்டி உள்பக்கத் தடத்தை வெட்டும், தாமதமாகத் திருப்பினால் வெளிப்பக்கம் ஒதுங்கும்.

கணக்குப் போட்டால் இன்னும் தெளிவாகும். 80 கிலோமீட்டர் வேகத்தில், 250 மீட்டர் ஆரமுள்ள வளைவில் போகும் வண்டியில் இருக்கும் பொருளைப் பக்கவாட்டில் தள்ளும் விசை, அதன் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. 25 கிலோ மாங்காய் கிரேட் ஒன்று 5 கிலோ பாரம் இழுப்பதுபோலப் பக்கவாட்டில் போகப் பார்க்கும். இந்த இழுப்பு மூன்று நான்கு நொடிகளில் மெல்ல ஏறினால் கயிறும் தாங்கும், உட்கார்ந்திருப்பவரும் உடம்பைச் சரிசெய்துகொள்வார். ஒரே அடியாக வந்தால் கிரேட் சரியும். (தொப்பூரில் நடந்த பெரிய விபத்துகளுக்கு வளைவை மட்டும் குற்றம் சொல்வது சரியில்லை. நீண்ட இறக்கம், அதிகப் பாரம், சூடேறிப் பிடிக்காமல் போகும் பிரேக் ஆகியவை அங்கே பெரிய காரணங்கள்.)

இந்தச் சிக்கலில் முதலில் மாட்டிக்கொண்டது ரயில். ரயிலில் ஸ்டியரிங் கிடையாது, தண்டவாளம் சொன்னபடிதான் போயாக வேண்டும். வேகம் குறைவாக இருந்தவரை சமாளித்தார்கள். 19ஆம் நூற்றாண்டில் வேகம் கூடக்கூட, நேர்ப்பாதைக்கும் வட்ட வில்லுக்கும் நடுவே மூன்றாவதாக ஒரு துண்டு தேவைப்பட்டது. அதற்கு இணைப்பு வளைவு என்று பெயர். அதன் தொடக்கத்தில் வளைமை பூஜ்யம். போகப் போக, கடந்த தூரத்துக்கு நேர்விகிதத்தில் வளைமை கூடும். முடிகிற இடத்தில் வட்டத்தின் வளைமையும் அதுவும் சரியாக ஒன்றாக இருக்கும். இப்படிச் சீராக இறுகிக்கொண்டே போகும் சுருளுக்கு ஆய்லர் சுருள் என்று பெயர். 18ஆம் நூற்றாண்டில் லியொனார்டு ஆய்லர் வளையும் பட்டைகளைப் பற்றி ஆராய்ந்தபோது அலசிய வடிவம் அது. ரயிலோடு அப்போது அதற்குச் சம்பந்தமே இல்லை. இந்திய ரயில்வே கணக்கை எளிதாக்க, அதற்கு மிக நெருங்கிய முப்படிப் பரவளையம் என்ற வளைவைப் பயன்படுத்துகிறது. வெளிப்பக்கத் தண்டவாளத்தை உயர்த்துவதும் இந்த இணைப்புத் துண்டின் நீளத்தில்தான், கொஞ்சம் கொஞ்சமாக. சேலத்திலிருந்து தருமபுரி வழியாக ஓசூர் போகும் ரயிலில் முத்தம்பட்டி பக்கம் மலை வளைவுகளில் உட்கார்ந்து போகும்போது, வளைவு எந்த இடத்தில் தொடங்கியது என்று சொல்ல முடிகிறதா பாருங்கள். முடியவில்லை என்றால் பாதை போட்டவர்கள் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறார்கள்.

கிரானைட் மூலைக்குத் திரும்புவோம். அங்கே நடப்பதும் இதேதான். நேர் விளிம்பில் வளைமை பூஜ்யம். 10 சென்டிமீட்டர் ஆரத்தில் உருட்டினால் கால் வட்டம் தொடங்கிய புள்ளியிலேயே 0.1-க்குத் தாவுகிறது, முடிந்த புள்ளியில் மறுபடி பூஜ்யத்துக்கு விழுகிறது. கோடு எங்கும் அறுபடவில்லை, திசையும் எங்கும் ஒடியவில்லை. ஆனால் வளைமை துள்ளுகிறது. வடிவமைப்பாளர்கள் இதற்குப் படிகள் வைத்திருக்கிறார்கள். இரண்டு துண்டுகள் முனையில் தொட்டுக்கொண்டால் ஜி0. தொடும் இடத்தில் திசையும் ஒன்றாக இருந்தால் ஜி1. வளைமையும் ஒன்றாக இருந்தால் ஜி2. பெட்டியின் கூரான மூலை ஜி0. காம்பஸ் வைத்து உருட்டிய மூலை ஜி1. இணைப்பு வளைவு போட்ட ரயில் பாதை ஜி2.

கண்ணுக்கு ஏன் இது தெரிகிறது? பளபளப்பான பரப்பில் நாம் பார்ப்பது பரப்பை மட்டும் அல்ல, அதில் விழும் பிம்பத்தையும் சேர்த்து. பரப்பு எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறதோ அதைப் பொறுத்துப் பிம்பம் விழும். பரப்பு எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்பது அதன் வளைமை. ஆகவே வளைமை திடீரென்று மாறினால் பிம்பத்தின் கோடு அதே இடத்தில் முறியும். ஓசூரில் மோட்டார் வண்டிகள் தயாராகின்றன. இந்தத் தொழிலில் பெயின்ட் முடிந்த வண்டியை வரிசை வரிசையாக டியூப்லைட் எரியும் கூடாரத்துக்குள் நிறுத்திப் பார்ப்பது வழக்கம். பெட்ரோல் டேங்கின் மேல் அந்த விளக்குக் கோடுகள் தண்ணீர் ஓடுவதுபோல வழுக்கிப் போக வேண்டும், எங்காவது முழங்கை மடக்கியதுபோல மடங்கினால் அங்கே சந்தேகம். கணினியில் வரையும்போதே கருப்பு வெள்ளை வரிகளைப் பரப்பின் மேல் ஓடவிட்டு இதைச் சோதித்துவிடுகிறார்கள்.

சரி, மேசைக்கு என்ன செய்வது? ரயில் பாதைபோலவே நேர்கோடு, இணைப்பு வளைவு, வட்டம், மறுபடி இணைப்பு வளைவு என்று ஒட்டலாம். ஒட்டே இல்லாமல் முழு வடிவத்தையும் ஒரே சமன்பாட்டில் வரைய இன்னொரு வழி உண்டு. எனக்கு இதுதான் அழகு.

வட்டத்தின் சமன்பாடு மேல்நிலைப் பள்ளியில் கணிதம் படித்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். நடுப்புள்ளியிலிருந்து பக்கவாட்டில் போகும் தூரம் ப, மேலே போகும் உயரம் உ, ஆரம் 1 என்றால்,

ப² + உ² = 1

இதில் அடுக்காக நிற்கும் அந்த 2-ஐத் தொட்டுப் பாருங்கள். 1 ஆக்கினால் வட்டம் சாய்சதுரமாகிவிடும். 4 ஆக்கினால் சதுரமும் வட்டமும் கலந்த ஒன்று வரும், அதை ஸ்குவர்க்கிள் என்கிறார்கள். 10, 20 என்று ஏற்றிக்கொண்டே போனால் சதுரத்தை நெருங்கிக்கொண்டே போகும். (குறை எண்களுக்குக் குறியை விட்டுவிட்டு அளவை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும்.) பிரெஞ்சுக் கணிதவியலாளர் கப்ரியேல் லாமே 1818இல் இந்தக் குடும்பத்தைப் பற்றி எழுதினார். நீளமும் அகலமும் வேறுவேறாக இருந்தால் இதே வடிவத்துக்குச் சூப்பர் எலிப்ஸ் என்று பெயர்.

அடுக்கு மாறும்போது மூலை எப்படி நகர்கிறது என்பதை மூலைவிட்டத்தில் அளந்து பார்க்கலாம். பக்கவாட்டுத் தூரமும் உயரமும் சமமாக இருக்கும் புள்ளி வட்டத்தில் 0.707. அடுக்கு 2.5 என்றால் 0.758, 4 என்றால் 0.841, 10 என்றால் 0.933. சதுரத்தில் முழுசாக 1. பரப்பளவும் கூடவே ஏறும். சுற்றியுள்ள சதுரத்தில் வட்டம் 78.5 சதவீதத்தை நிரப்பும், 2.5 அடுக்கு 84.5, 4 அடுக்கு 92.7.

முக்கியமானது வளைமைதான். அடுக்கு 2-ஐத் தாண்டிவிட்டால் பக்கங்களின் நடுவில் வளைமை பூஜ்யம். அங்கிருந்து மூலையை நோக்கிப் போகப் போகக் கூடும், உச்சத்தைத் தொட்டுத் திரும்பி இறங்கும். நடுவில் எங்கும் துள்ளல் கிடையாது. "நேர்ப்பகுதி இங்கே முடிகிறது, மூலை இங்கே தொடங்குகிறது" என்று பென்சிலால் குறிக்க ஓர் இடம் இருக்காது.

இதை ஊருக்குள் கொண்டுவந்தவர் பீட் ஹைன் என்ற டென்மார்க்காரர். கவிஞர், கணிதமும் தெரிந்தவர். ஸ்டாக்ஹோம் நகரின் நடுவே செர்கெல்ஸ் டோர்க் என்ற சதுக்கத்தைத் திருத்தி அமைத்தபோது, நீள்சதுரமான இடத்துக்குள் வண்டிகள் சுற்றிப் போகும் வழி வேண்டியிருந்தது. நீள்வட்டம் போட்டால் இரண்டு முனையும் கூராகி இடம் வீணானது. வட்ட வில்களை ஒட்டினால் ஒட்டுகள் உறுத்தின. கட்டடக் கலைஞர் டேவிட் ஹெல்டன் ஹைனிடம் கேட்க, 1959இல் அவர் சொன்ன விடை: அடுக்கு 2.5, நீள அகல விகிதம் 6-க்கு 5. பிறகு அதே வடிவத்தில் ஸ்காண்டிநேவியாவில் மேசைகள் வந்தன, இன்றும் விற்கின்றன. ஏன் 2.5, ஏன் 2.6 இல்லை என்று கேட்டால் கணிதத்தில் பதில் கிடையாது. பார்க்க நன்றாக இருந்தது, அவ்வளவுதான்.

ஹைன் இன்னொரு வேடிக்கையும் செய்தார். 4-க்கு 3 விகிதத்தில் 2.5 அடுக்குள்ள வடிவத்தை நீள அச்சில் சுழற்றி உலோகத்தில் முட்டை செய்தார். அந்த முட்டை மேசையில் நட்டமாக நிற்கும். கோழி முட்டை ஏன் நிற்பதில்லை? வளைந்த அடியுள்ள பொருள் சாயாமல் நிற்க ஒரு நிபந்தனை உண்டு. தரையைத் தொடும் இடத்தின் வளைவு ஆரம், அதன் எடை மையம் இருக்கும் உயரத்தைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். கோழி முட்டையின் நுனி ஆரம் சிறியது, எடை மையமோ மேலே. அதனால் உருண்டுவிடும். தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மைக்கு அடி பெரிய உருண்டை, எடை முழுக்க அடியில், எவ்வளவு சாய்த்தாலும் எழுந்துவிடும். ஹைனின் முட்டைக்கு நுனியில் வளைமை பூஜ்யம், அதாவது ஆரம் கணக்கில்லாதது. நிபந்தனை தானாகப் பூர்த்தியாகிறது. வழவழப்புக்காகத் தேடிய வடிவத்தில் சமநிலையும் கூடவே வந்துவிட்டது.

சமநிலை என்றதும் பலரும் இடமும் வலமும் ஒன்றுபோல இருப்பதை மட்டும் நினைக்கிறார்கள். அது ஒரு வகை. ஒகேனக்கல் பரிசல் இன்னொரு வகை. அதற்கு முன் இல்லை, பின் இல்லை, எப்படித் திருப்பி வைத்தாலும் அதே வடிவம். அதனால்தான் துடுப்பு கொஞ்சம் பிசகினால் நின்ற இடத்திலேயே சுற்றுகிறது. பரிசல்காரர் வேண்டுமென்றே சுற்றிக் காட்டினால் பயணிகள் அலறுவதும் அதனால்தான்.

கண்ணின் சமநிலை மூன்றாவது வகை, அளவுகோலுக்கு அகப்படாதது. கடைப் பலகை எழுதுகிறவரிடம் கேளுங்கள். 'ர'வின் தலை தட்டை, 'ற'வின் தலை உருண்டை. இரண்டையும் ஒரே கோட்டுக்குச் சரியாக முட்ட வைத்தால் 'ற' சற்றுக் குட்டையாகத் தெரியும். உருண்டை ஒரு புள்ளியில்தானே கோட்டைத் தொடுகிறது! நல்ல எழுத்துரு செய்பவர்கள் உருண்டையை ஒரு மயிரிழை கோட்டுக்கு மேலே போகவிடுவார்கள்.

பரிசலைப் பற்றிச் சொன்னதால் அதன் எலும்புக்கூட்டையும் பார்த்துவிடுவோம். மூங்கிலைப் பிளந்து, பிளாச்சுகளை வளைத்துப் பின்னுகிறார்கள். முன்பு மேலே தோல் போர்த்துவார்கள், இப்போது பிளாஸ்டிக் தாளும் தாரும். ஒரே தடிமனுள்ள பிளாச்சை வளைத்து இரண்டு முனையையும் சேர்த்துக் கட்டினால் அது வட்டமாகத்தான் நிற்கும். நீங்கள் காம்பஸ் வைக்க வேண்டியதில்லை. வளைக்கப்பட்ட பட்டை தனக்குள் இருக்கும் இறுக்கத்தை முடிந்தவரை சமமாகப் பங்கிட்டுக்கொள்கிறது. சமமாகப் பங்கிட்டால் எல்லா இடத்திலும் ஒரே வளைமை, அதுதான் வட்டம்.

அதே பிளாச்சை வளையமாகக் கட்டாமல் பலகையில் அடித்த நாலைந்து ஆணிகளை ஒட்டி வளைத்து விடுங்கள். இப்போது அது வட்டமாக இருக்க முடியாது, ஆணிகள் விடாது. ஆனாலும் ஆணிக்கு ஆணி அது மடிவதில்லை. வளைமை சீராக ஏறி இறங்கும், ஆணி இருக்கும் இடத்தில்கூடத் துள்ளாது. கப்பல் கட்டுகிறவர்கள் நூற்றாண்டுகளாக இப்படித்தான் வரைந்தார்கள். நீளமான மெல்லிய மரப்பட்டையை ஈயக் குண்டுகளால் அங்கங்கே அழுத்தி நிறுத்தி, அதன் ஓரமாகப் பென்சில் ஓட்டுவார்கள். அந்தப் பட்டைக்குப் பெயர் ஸ்ப்லைன். 1946இல் ஐசக் ஷோன்பெர்க் என்ற கணிதவியலாளர் அந்தப் பெயரையே தம் வளைவுகளுக்கு வைத்துக்கொண்டார். 1960களில் ரெனோ கார் நிறுவனத்தில் பியேர் பெசியே கார் உடலை வரைய வேறொரு வழியைப் பிரபலப்படுத்தினார். இன்று கல்யாணப் பத்திரிகை வடிவமைக்கிறவர் கணினியில் இழுக்கும் கைப்பிடி வைத்த வளைவுகள் அந்தப் பெசியே வளைவுகள்தான்.

வீட்டில் சோதிக்க பிளாஸ்டிக் ஸ்கேல் போதும். இரண்டு முனையையும் பிடித்து மெல்ல அழுத்தினால் வரும் வில்லைப் பாருங்கள், நடுவில் அதிகமாகவும் முனைகளில் குறைவாகவும் வளைந்திருக்கும். பிறகு தென்னை ஈர்க்கு ஒன்றை அதேபோல வளையுங்கள். ஈர்க்கு அடியில் தடிமன், நுனியில் மெலிவு. மெலிந்த பக்கம் அதிகமாக வளையும், வில் ஒரு பக்கமாகச் சாய்ந்து, மாங்காயின் ஒரு பக்க ஓரம்போல வந்து நிற்கும். சமச்சீர் போய்விட்டது, வழவழப்பு போகவில்லை.

மாங்காய் என்றதும் கிருஷ்ணகிரிக்காரர்கள் காதைத் தீட்டிக்கொள்வார்கள். கூழ் ஆலைகளுக்குப் போகும் பெங்களூரா ரகத்துக்குக் கிளிமூக்கு என்று பெயர் வரக் காரணமான அந்த நுனியைக் கவனியுங்கள். வயிற்றுப் பக்கம் வெளியே வளைந்து வந்த கோடு, மூக்குக்குச் சற்று மேலே உள்பக்கமாகக் குழிகிறது. ஸ்டியரிங் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் போகிறது என்று அர்த்தம். போகிற வழியில் நடுவைக் கடந்தாக வேண்டும், ஆகவே அங்கே ஒரு புள்ளியில் வளைமை பூஜ்யம். சேலைக் கரையில் மாங்காய் புட்டா போடுகிறவர்கள் இந்த இடத்தில்தான் தடுக்குவார்கள். வெளி வளைவையும் உள் குழிவையும் தனித்தனியாக வரைந்து ஒட்டினால் மாங்காய்க்கு முதுகு ஒடிந்துவிடும். ஒரே மூச்சில் கையை ஓட்டினால் அந்த ஒடிவு வராது.

ஒரே மூச்சு என்பது அலங்காரப் பேச்சு இல்லை. வேகமாக ஓடும் கைக்கு எடை இருக்கிறது, உந்தம் இருக்கிறது. ஸ்டியரிங்கைப் போலவே அதுவும் வளைமையை ஒரு நொடியில் மாற்ற முடியாது. வாசலில் சிக்குக் கோலம் போடுகிறவரின் இழை புள்ளியைச் சுற்றி நெளிந்து அடுத்த புள்ளிக்கு மாறும்போது துள்ளாததற்கு அதுதான் காரணம். அதே கோலத்தைக் கணினியில் நேர்கோட்டுத் துண்டும் கால் வட்டமுமாக அடுக்கிச் செய்த படங்களைப் பாருங்கள். புள்ளிக் கணக்கு சரி, சமச்சீர் சரி, ஆனாலும் விறைப்பாக இருக்கும். எந்தக் கோலத்தில் இழை உயிரோடு ஓடுகிறது என்று கேட்டால் நம் வீட்டுப் பெண்கள் காரணம் சொல்லாமலே சுட்டிக்காட்டிவிடுவார்கள்.

கையிலிருக்கும் போனுக்கும் இந்தக் கதை வந்திருக்கிறது. 2013இல் ஆப்பிள் ஐஓஎஸ் 7 வந்தபோது, அதுவரை கால் வட்டம் வைத்து உருட்டியிருந்த செயலிச் சின்னங்களின் மூலையை வளைமை துள்ளாத வடிவத்துக்கு மாற்றினார்கள். அதைச் சூப்பர் எலிப்ஸ் என்று பலரும் எழுதுகிறார்கள், கண்டிப்பான அர்த்தத்தில் அது சரியில்லை. நேர்கோடுகளும் பெசியே வளைவுகளும் சேர்த்துக் கட்டிய வடிவம் அது. 2017இல் வந்த ஆண்ட்ராய்டு 8, சின்னங்களை வட்டம், ஸ்குவர்க்கிள் என்று போன் தயாரிப்பாளர் விரும்பிய அச்சில் வெட்ட வழி செய்தது. ஃபிக்மா என்ற வடிவமைப்பு மென்பொருளில் மூலைக்கு 'கார்னர் ஸ்மூத்திங்' என்று ஒரு ஸ்லைடர் இருக்கிறது. பூஜ்யத்தில் வைத்தால் காம்பஸ் மூலை, ஏற்ற ஏற்ற வளைவு பக்கங்களுக்குள் பரவும்.

எல்லா இடத்திலும் இது தேவை என்று சொல்ல மாட்டேன். படியின் ஓரத்தில் போடும் நோசிங், ஒரு சென்டிமீட்டர் உருட்டல், திரையில் நகம் அளவுப் பொத்தான், இவற்றுக்குக் கால் வட்டமே நிறைவு. வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது, கூலிதான் கூடும். காம்பஸ் வட்டத்துக்கு ஒரு பெரிய நன்மை உண்டு: எந்தப் பட்டறையிலும், எந்தக் கருவியிலும், யாரும் திரும்ப அதையே வரைந்துவிடலாம். பெரிய ஆரம், பளபளப்பான பரப்பு, நெருங்கிப் பார்க்கும் இடம் என்ற மூன்றும் சேரும்போதுதான் மெனக்கெட வேண்டும். சாப்பாட்டு மேசை அப்படி ஓர் இடம்.

120 சென்டிமீட்டர் நீளம், 90 அகலம் உள்ள மேசைக்கு 2.5 அடுக்கில் அளவுகள் இதோ. ஒரு ஹார்ட்போர்டில் கால் பங்கு மட்டும் வரைந்தால் போதும். மேசையின் நடுப்புள்ளியைப் பூஜ்யமாக வைத்துப் பக்கவாட்டில் 12 சென்டிமீட்டர் போனால் உயரம் 44.7. பக்கவாட்டில் 24-க்கு 43.1, 36-க்கு 39.5, 48-க்கு 32.0, 54-க்கு 25.1, 57-க்கு 19.3. நடுவில் உயரம் 45, கடைசி முனையில் பக்கவாட்டில் 60, உயரம் பூஜ்யம். ஒவ்வொரு புள்ளியிலும் சிறு ஆணி அடித்து, மெல்லிய மூங்கில் பிளாச்சையோ வயரிங் பட்டியையோ வெளிப்பக்கமாக ஒட்டி வளையுங்கள். கால் பங்கோடு நிறுத்தினால் முனையில் பட்டை தன் இஷ்டத்துக்கு விலகும். அதனால் நடுக்கோட்டுக்கு அந்தப் பக்கமும் அதே அளவுகளில் இரண்டு ஆணி, முனைக்குக் கீழேயும் இரண்டு ஆணி அடித்துப் பட்டையைத் தாண்டி ஓடவிட வேண்டும். பிறகு பென்சில் ஓட்டி வெட்டிய அச்சை நான்கு பக்கமும் புரட்டிப் புரட்டிக் கல்லிலோ பிளைவுட்டிலோ குறிக்கலாம். கல் வெட்டுகிறவரிடம் அச்சையே கொடுத்துவிடுங்கள். சமன்பாட்டைச் சொல்லிப் பயனில்லை, அவருக்கு நேரமும் இருக்காது.

இப்படி வெட்டிய மேசையில் பரப்பு ஏறக்குறைய 9,130 சதுர சென்டிமீட்டர். அதே நீள அகலத்தில் நீள்வட்டம் என்றால் 8,480தான் வரும். ஒரு தட்டும் தம்ளரும் வைக்கும் இடம் லாபம். கால்களைப் பொருத்துவதிலும் லாபம் உண்டு. மூலைவிட்டத்தில் இதன் ஓரம் நடுவிலிருந்து பக்கவாட்டில் 45.5, உயரத்தில் 34.1 வரை போகும், நீள்வட்டத்தில் 42.4-ம் 31.8-ம்தான். கால்களை அந்த அளவுக்கு வெளியே தள்ளி வைக்கலாம், நீளவாட்டில் இரண்டு பேர் பக்கம் பக்கமாக உட்கார்ந்தாலும் முழங்கால் இடிக்காது.